லேசாத்தான் பட்டுச்சு

வாலிபால் இல்லக்கா, பாஸ்கெட்பால். கூடைப்பந்து. நடுவுல வலையக் கட்டிக்கிட்டு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தட்டுறது வாலிபால். நாங்க ஒரே எடத்துல இடிச்சுப் புடிச்சு ஆடுறவங்க. பரவால்ல விடுங்க. என் உயரத்தப் பாத்துட்டுப் பாதிப் பேரு வாலிபாலான்னு கேப்பாங்க, மீதிப் பேரு போலீசான்னு கேப்பாங்க. பாஸ்கெட்பாலான்னு இதுவரைக்கும் ஒருத்தர் கேட்டதில்ல.

காலக் கொஞ்சம் உங்க பக்கம் நீட்டிக்கிறேன், தப்பா நெனைக்காதீங்க. முட்டி இடிக்குது. முன் சீட்டு அண்ணன் திரும்பித் திரும்பி மொறைக்கிறாரு பாருங்க. மொறைக்கட்டும். ஆரப்பாளையத்துல பஸ் ஏறுனதிலிருந்து முதுக வச்சு சீட்ட ஆட்டிக்கிட்டே வந்தாரு. முட்டியால லேசாத்தான் ஒரு தள்ளு தள்ளுனேன். முன்கம்பியில மூஞ்சி இடிச்சுருச்சாம். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்.

போடிக்குப் போறேன். நீங்க தேனியா? அப்ப நேரம் கெடக்கு. இன்னும் உசிலம்பட்டியே வரல.

இந்தப் பேப்பரா? பாருங்க, தாராளமாப் பாருங்க. முதப் பக்கம். நடுவுல வெள்ளச் சட்டை போட்டுக்கிட்டு வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறாரே, அவருதான் சிறப்பு விருந்தினர். சட்டையில தெரியிறது ரத்தம். அவரு ரத்தம் இல்ல. குனிஞ்சிருக்கா பாருங்க, அவ மூக்குலேருந்து வந்தது. அவ பேரு பெனிட்டா. இந்த ஓரத்துல ஒரு முழங்கை தெரியுதுல்ல, அது நான்.

பயப்படாதீங்கக்கா. நான் கோவக்காரி கெடையாது. எங்க டீமுல யார வேணாலும் கேட்டுப் பாருங்க.

தலைப்பப் படிங்க. 'கூடைப்பந்து மைதானத்தில் வீராங்கனைகள் குடுமிப்பிடி: சிறப்பு விருந்தினர் சட்டையில் ரத்தம்'. குடுமியப் புடிச்சேனா நான்? முடியில கையே வைக்கல. மூக்குல ஒண்ணு, நெஞ்சுல ஒண்ணு, கீழ விழுந்ததுக்கப்புறம் இடுப்புல ரெண்டு. ஆனா எழுதுறவனுக்குப் பொம்பளைங்க அடிச்சுக்கிட்டா அது குடுமிதான். என் பேரு போட்டிருக்கான், கார்த்தீஸ்வரி. பெனிட்டா பேரு இருக்கு. வெள்ளச் சட்டைக்காரர் பேரு வரிக்கு வரி இருக்கு. வர வேண்டிய பேரு ஒண்ணு வரல. பாண்டிச்செல்வி. அந்தப் பேரு பேப்பர்ல வரணும்னுதான் நான் இவ்வளவும் பண்ணேன்.

பாண்டி யாருன்னு கேக்குறீங்க. அவளப் பாக்கத்தான் போடிக்குப் போறேன். ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல ஏழாப்புலேருந்து ஒரே ரூமு. காலேஜும் ஒண்ணு. அப்புறம் ஒரு மில்லு லேடீஸ் டீம் எடுத்தாங்க, ரெண்டு பேருமே சேந்தோம். மில்லுல எங்களுக்கு வேலை நூல் ஓட்டுறது இல்ல, ஆடுறதுதான். அதுக்குத்தான் சம்பளம். அவ சின்ன ஆளு, குறுகுறுன்னு பந்தக் கொண்டு வந்து சேப்பா. வளையம் மாட்டுன போர்டுக்கு அடியில நின்னு போடுறதும் பறிக்கிறதும் என் வேலை.

பறிக்கிறதுன்னா சும்மா இல்லக்கா. வளையத்துல பட்டுத் தெறிச்சு வர்ற பந்த எகிறிப் புடிக்கணும். எங்க கோச் சந்திரபோஸ் மாஸ்டர் சொல்லிக் குடுத்தது, புடிச்ச அடுத்த நொடி ரெண்டு முழங்கையையும் விரிச்சு, இந்தா இப்பிடி, ஒரு திருப்பு திருப்பணும். பக்கத்துல ஈ காக்கா நிக்கக் கூடாது. அச்சோ, பட்டுருச்சா? சாரிக்கா. லேசாத்தான் பட்டுச்சு. பைய மடியில வச்சுக்கங்க, அது ஒரு தடுப்பா இருக்கும்.

பிராக்டிஸ்ல கூட என் பக்கத்துல யாரும் நிக்க மாட்டாங்க. ஒரு ஜூனியர் பிள்ளைக்கு முன்பல்லு ரெண்டு விழுந்துருச்சு. அது ஏற்கெனவே ஆடிக்கிட்டிருந்த பல்லாத்தான் இருக்கும். இல்லாட்டி அந்த இடிக்கெல்லாம் விழுகுமா. பாண்டி மட்டும் ஓடி வந்து என் கைக்குள்ளயே நிப்பா. 'பந்த எறக்குடி, எங்கிட்ட எறக்கு'ம்பா. அவளுக்கு என் கையின்னா பயமே கெடையாது.

சரி, பேப்பர் விஷயத்துக்கு வாரேன். நாங்க ஊர் ஊரா ஆடுவோம். சிமெண்டுத் தரை, நாலு மணி வெயிலு, ஏன்னா விளக்குப் போட்டு ஆடுறது ஆம்பளைங்க ஃபைனலு. காலு கொப்பளிச்சுப் போகும். மறுநா பேப்பர வாங்கிப் பாத்தா ஆம்பளைங்களுக்குக் கால்வாசிப் பக்கம். அதுக்கு அடியில, 'மகளிர் பிரிவிலும் போட்டிகள் நடைபெற்றன'. நடைபெற்றனவாம். யாரு ஜெயிச்சா, யாரு போட்டா, ஒண்ணும் கெடையாது. பக்கத்துத் தெருப் பயலுக கட்டை மட்டைய வச்சுக்கிட்டு ஆடுன கிரிக்கெட்டுக்கு டாஸ் போட்ட போட்டோ வந்திருக்கும். மாஸ்டர் ஒவ்வொரு தடவையும் போன் போட்டு, 'சார் லேடீஸ் ரிசல்ட் எழுதிக்கிறீங்களா'ன்னு கெஞ்சுவாரு. 'எடம் இல்ல மாஸ்டர்'னு வச்சுருவாங்க.

போட்டோக்காரங்க வரவே மாட்டாங்கன்னு சொல்லல. வருவாங்க. எப்ப வருவாங்க தெரியுமா? அறிமுகத்துக்கு. ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடி ரெண்டு டீமையும் வரிசையா நிறுத்துவாங்க. சிறப்பு விருந்தினர் ஒவ்வொருத்தருக்கா கை குடுத்துக்கிட்டே வருவாரு. 'எந்த ஸ்கூலும்மா'ன்னு கேப்பாரு. இருபத்தாறு வயசு எனக்கு. கடைசியில ரெண்டு கேப்டனும் அவருக்கு முன்னாடி கை குடுத்துக்கிட்டுச் சிரிக்கணும். டப்பு டப்புன்னு எடுப்பாங்க. எடுத்து முடிச்சதும் டிபன் பொட்டலத்த வாங்கிக்கிட்டு வண்டியக் கெளப்பிருவாங்க. விசில் ஊதிப் பந்தத் தூக்கிப் போடும்போது ஒரு கேமரா இருக்காது. எத்தன வருசமா ஆடுறேன், நான் பந்து போடுற மாதிரி ஒரு போட்டோ பேப்பர்ல கெடையாது. கை குடுக்குற போட்டோதான் இருக்கு. அதுலயும் விருந்தினரோட தோள்பட்டை என் மூஞ்சிய மறைச்சிருக்கும்.

போன வருசம் ஃபைனல். எதிர்ல பெனிட்டா டீமு. அவ நாகர்கோவில்காரி, என் உயரம், நல்லா ஆடுவா. அதச் சொல்லித்தான் ஆகணும். ஆனா ஆட்டத்துல கைய நீட்டுற ரகம். என் விலாவுல அவ நகம் பட்ட தழும்பு இருக்கு. நானும் குடுத்திருக்கேன், இல்லங்கல.

மூணாவது குவார்ட்டர். சிரிக்காதீங்க, ஆட்டத்த நாலாப் பிரிச்சு ஆடுவோம், அதுக்கு அந்தப் பேருதான். நாங்க பின்தங்கியிருக்கோம். எங்க பிள்ள ஒருத்தி தூரத்துலேருந்து அடிச்ச பந்து வளையத்துல பட்டுத் தெறிக்குது. போர்டுக்கு அடியில நான், பெனிட்டா, இன்னும் ரெண்டு பேரு. எல்லாரும் எகிறுறோம். பந்து எனக்குத்தான் கெடச்சுச்சு. புடிச்சேன், எறங்குனேன், திரும்புனேன். திரும்பிப் பாக்குறேன், பாண்டி கீழ கெடக்கா.

எப்பவும் போல எங்கிட்டப் பந்த வாங்க ஓடி வந்திருக்கா. வந்த எடத்துல எவளோ போட்டுட்டா. மூஞ்சியப் பொத்திக்கிட்டு அப்பிடியே சுருண்டு கெடந்தா. வெரலு இடுக்குலேருந்து ரத்தம் ஊத்துது. கைய எடுடி எடுடின்னு எடுத்துப் பாத்தா, வலது கண்ணு இருந்த எடம் வீங்கி மூடி, அதுக்குக் கீழ எலும்பு உள்ள எறங்கிப் போயிருந்துச்சு. கன்னம் ஒரு பக்கம் பள்ளமாயிருச்சுக்கா. நான் பாத்தேன்.

பெனிட்டா அவளுக்கு ஒரு கை தூரத்துலதான் நின்னா. வேற யாரு? முதல்ல மண்டி போட்டதும் அவதான். தன் துண்ட எடுத்துப் பாண்டி கண்ணுல வச்சு அமுக்குனா. நடிப்பப் பாருங்க. அமுக்கிட்டு என்னைய நிமுந்து ஒரு பார்வை பாத்தா. குத்தமுள்ள ஆளு வேற எப்பிடிப் பாப்பா.

ரெஃப்ரி விசிலே ஊதல. கண்ணு போயிருக்கு, ஃபவுல் இல்லையாம். நான் போயி அவரு சட்டையப் புடிச்சேன். 'எதிர் டீம் யாரும் தொடலம்மா, நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்'ங்கிறாரு. எதிர் டீம் தொடாம எப்பிடிய்யா ஒடையும்னு கேட்டேன். தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. காசு வாங்கியிருப்பாரோ என்னமோ.

பாண்டிய ஆட்டோவுல ஏத்தி அனுப்பிட்டு, தரையில கெடந்த ரத்தத்து மேல மரத்தூளக் கொட்டி, காலாலயே தேச்சுவிட்டு, ஆட்டத்தத் தொடங்கிட்டாங்க. நானும் ஆடுனேன். ஆடாம என்ன செய்ய. அன்னைக்கு பெனிட்டாவ எத்தன தடவ இடிச்சேன்னு எனக்கே தெரியாது. ஒரு தடவ கூட அவ திருப்பி இடிக்கல. ஜெயிச்சது அவங்கதான்.

மறுநா ஆஸ்பத்திரி வராண்டாவுல பேப்பர் வாங்கிப் பாத்தேன். போட்டோ இருந்துச்சு. விருந்தினர் கை குடுக்குறாரு, பாண்டி சிரிச்சுக்கிட்டு நிக்கிறா, ரெண்டு கண்ணோட. கீழ, 'ஆட்டம் விறுவிறுப்பாக இருந்தது'. அவ்வளவுதான். அந்தப் பேப்பர அங்கயே கிழிச்சுப் போட்டேன். கூட்டுற அம்மா ஏதோ சத்தம் போட்டுச்சு. பக்கெட்டு மேல லேசாத்தான் ஒரு உதை விட்டேன், படியில உருண்டு கீழ போயிருச்சு.

கண்ணு போனது போனதுதான்னுட்டாங்க. அவளுக்கு அடுத்த மாசம் ஒரு டிபார்ட்மெண்டு வேலைக்குச் செலக்சன் இருந்துச்சு, விளையாட்டுக் கோட்டாவுல. கெடச்சிருக்கும்க்கா. நிச்சயமாக் கெடச்சிருக்கும். அவ வீட்டுல அப்பா இல்ல, அத நம்பித்தான் இருந்தாங்க. இப்ப போடியில ஏலக்காக் கடையில காய் தரம் பிரிக்கிறா. ஒத்தக் கண்ண வச்சுக்கிட்டுப் பச்சையையும் வெளுப்பையும் பாத்துப் பாத்து எடுக்கணும்.

கூடைப்பந்துச் சங்கத்துல போயி நின்னேன். பெனிட்டாவத் தடை பண்ணுங்கன்னேன். 'ஆதாரம் இருக்கா, வீடியோ இருக்கா, போட்டோ இருக்கா'ங்கிறாங்க. எவன் எடுத்தான், நீங்க எடுக்க விட்டீங்களான்னு மேசையத் தட்டுனேன். மேசையில கண்ணாடி போட்டிருந்தாங்க. அது வேற ஒடஞ்சு, நம்ம மேலயே தப்பாப் போச்சு. எதிர் டீமக் கூப்பிட்டுக் கூடக் கேக்காம அன்னைக்கே தள்ளுபடி பண்ணிட்டாங்க. இதே ஒரு கிரிக்கெட்டுக்காரனுக்கு நகம் பேந்திருந்தா எட்டுப் பக்கத்துலேருந்தும் காமிச்சிருப்பாங்கல்ல. ஒரே ஒரு கேமரா, யாராவது ஒருத்தன் டிபன் தின்னுட்டு உக்காந்து பாத்திருந்தா போதும். எல்லாம் வெளிச்சத்துக்கு வந்திருக்கும்.

மாஸ்டரும் கை கழுவிட்டாரு. 'ஆட்டத்துல பட்டுருச்சும்மா. யாருன்னு தோண்டாத. உனக்குத்தான் கஷ்டம்'னாரு. எனக்கு என்ன கஷ்டம்? பாண்டியாவது சொல்லுவான்னு பாத்தேன். பெட்டுல படுத்திருக்கா, நான் கையப் புடிச்சுக்கிட்டு, 'பெனிட்டாதானேடி? சொல்லு, நான் பாத்துக்கிறேன்'னு கேக்குறேன். கட்டு போட்ட மூஞ்சியச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டா. 'பந்துக்கு வந்தேன், பட்டுருச்சு. விடுடி கார்த்தி'ன்னா. அப்பவே அழுதுட்டா. அவ அப்பிடித்தான், யாரையும் காட்டிக் குடுக்க மாட்டா. ஹாஸ்டல்ல நான் சன்னல் கண்ணாடிய ஒடச்சப்பக் கூட அடி வாங்குனது அவதான்.

அந்த வருசம் பூரா எனக்கு ஒரே நெனப்பு. கேமரா ஆட்டத்துக்கு வராது. அப்ப ஆட்டத்துல அடிச்சுப் பிரயோசனம் இல்ல. கேமரா எங்க வருதோ அங்கதான் அடிக்கணும். புரியுதாக்கா? அறிமுகத்துல.

போன வாரம் அதே டோர்னமெண்டு, அதே ரெண்டு டீமு ஃபைனலு. நான் கேப்டன், அவ கேப்டன். வரிசையில நிக்கிறேன். வெள்ளச் சட்டைக்காரர் வந்து கை குடுத்தாரு, 'எந்த ஸ்கூலும்மா'. அப்புறம் ரெண்டு கேப்டனையும் முன்னாடி கூப்பிட்டாங்க. 'இப்பிடித் திரும்புங்கம்மா, சிரிங்கம்மா'ன்னு போட்டோக்காரங்க கத்துறாங்க. பெனிட்டா கைய நீட்டுனா. 'பாண்டி எப்பிடி இருக்கா?'ன்னு கேட்டா. அவ பேர எடுக்குறதுக்கு இவளுக்கு என்ன தைரியம். நீட்டுன கையப் புடிச்சு இழுத்தேன். அவ தடுமாறி வர்றா, நான் திரும்புன வேகத்துல முழங்கை மூக்குல எறங்குச்சு. சத்தம் கேட்டுச்சுக்கா, முறுக்கு ஒடைக்கிற சத்தம்.

அப்புறம் நெஞ்சுல. விழுந்தா. விட்டேனா? 'பாண்டிச்செல்வி கண்ணுக்குடி இது. பாண்டிச்செல்வின்னு எழுதுங்கடா'ன்னு கத்திக்கிட்டே மிதிச்சேன். அவங்க டீமு என் மேல பாஞ்சுச்சு, எங்க டீமு அவங்க மேல பாஞ்சுச்சு. பிளாஸ்டிக் சேரு பறக்குது. ஒருத்தி என் தோள்பட்டையக் கடிச்சுட்டா, இன்னும் தையல் பிரிக்கல. ஸ்கோர் எழுதுற மேசை கவுந்து, ஒரு பெருசு அடியில மாட்டிக்கிட்டாரு. டப்பு டப்புன்னு எடுக்குறாங்க. அன்னைக்கு எவனும் டிபன் வாங்கப் போகல. பெனிட்டா மட்டும் கையத் தூக்கவே இல்ல. வாயெல்லாம் ரத்தத்தோட, 'நான் இல்லடி, நான் இல்லடி'ன்னு அதையே சொன்னா. மாட்டிக்கிட்டா எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க.

ஸ்டேஷன்ல உக்கார வச்சிருந்தாங்க. ரிப்போர்ட்டருங்க வந்தாங்க. வாழ்க்கையில முதத் தடவையா என் முன்னாடி மைக்க நீட்டுறாங்க. மூணாவது குவார்ட்டரு, பாண்டி, கண்ணு, விசில் ஊதாதது, எல்லாத்தையும் மூச்சு விடாமச் சொன்னேன். சொல்லி முடிச்சதும் ஒருத்தன் கேக்குறான், 'லவ் மேட்டரா?' அவன் மைக்கப் புடுங்கி அவன் தலையிலயே போட்டிருப்பேன். ஏட்டம்மா புடிச்சுக்கிட்டாங்க. கடைசி வரியப் படிங்க. 'முன்விரோதம் காரணமா, காதல் விவகாரமா என போலீசார் விசாரித்து வருகின்றனர்.' பாண்டி பேரு இல்ல. என்னைய வாழ்நாளுக்கும் தடை பண்ணிட்டாங்க. மில்லுலயும் டீமக் கலைச்சுட்டாங்க. எல்லாம் போச்சு, அவ பேரு ஒரு எடத்துல வரலக்கா.

கேஸா? இல்ல. பெனிட்டாவோட அம்மா வந்து வேணாம்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அந்தம்மா எல்லா மேட்ச்சுக்கும் வரும். அவ அப்பா குவைத்துல இருக்காரு. டிவியில எங்க வருது எங்க ஆட்டம்? அதனால அந்தம்மா கம்பி வேலியில போனச் சாத்தி வச்சு முழு ஆட்டத்தையும் எடுத்து அவருக்கு அனுப்புமாம். எனக்கு அது தெரியாது. ஸ்டேஷன்ல என் எதிர்ல வந்து நின்னுச்சு. திட்டும்னு பாத்தேன். 'போன வருச ஆட்டத்துல என் மக மேல இப்பிடி ஒரு பழி இருக்குன்னு எங்களுக்கு இன்னைக்குத்தாம்மா தெரியும். உன் நம்பரக் குடு. அந்த எடத்த மட்டும் வெட்டி அனுப்புறேன், பாரு. பாத்தா போதும்'னு சொல்லிட்டுப் போயிருச்சு.

அனுப்பிருச்சு. இந்தா, இதுதான். இன்னும் எறங்கல. மங்கலாத் தெரியுது பாருங்க, நடுவுல வட்டம். அதுக்குள்ள எனக்கு நெட்டு தீந்து போச்சு. தீந்து ஒரு வாரமாச்சு, போட நேரமில்ல. அப்பிடியே பாத்தாலும் என்ன இருக்கப் போகுது? அவங்க எடுத்தது, அவங்களுக்குத் தோதா வெட்டியிருப்பாங்க. நான் இருந்தேனே அங்க. என் கண்ணால பாத்ததுக்கு மேலயா?

பாண்டிக்கும் அனுப்பியிருக்கு போல. அன்னையிலேருந்து அவ போன எடுக்கல. நான் போடிக்கு வர்றேன்டின்னு நெட்டு இல்லாத சாதா மெசேஜ் போட்டேன். இது மட்டும் வந்துச்சு. படிங்க. 'அதப் பாத்துட்டு வா. பாக்காம வராத.' என்னத்தப் பாக்கச் சொல்றா? அவ அடிபட்டத நான் இன்னொரு தடவ பாக்கணுமா. கோவத்துல இருக்கா. பேப்பர்ல பேரு வரலங்கிற கோவமா இருக்கும். நேர்ல போயி இந்தப் பேப்பரக் காட்டி, பாருடி, உனக்காக எப்பிடி அடிச்சேன் பாருடின்னு சொன்னா சரியாப் போயிருவா. கதவத் தொறப்பா. தொறக்காம எங்க போவா, எனக்கு அவள விட்டா யாரு இருக்கா.

ஆண்டிபட்டி தாண்டிருச்சா? பேச்சு மும்முரத்துல பாக்கல. தேனி வந்துரும், நீங்க பையெல்லாம் எடுத்து வச்சுக்கங்க.

இல்லக்கா, வேணாம். உங்க போன்லேருந்து நெட்டு குடுக்க வேணாம். எனக்கு எதுக்கு உங்க நெட்டு. அப்புறம் பாத்துக்கிறேன். போடியில போயிப் பாத்துக்கிறேன். ஒரு நிமிஷம்தான் ஆகும்னா அந்த ஒரு நிமிஷம் அப்புறமும் இருக்கும்ல. இல்ல, பயமெல்லாம் ஒண்ணும் கெடையாது. எனக்கு என்ன பயம். போனக் குடுங்க. அத அமுக்காதீங்க. அக்கா, சொல்றேன்ல, அமுக்காதீங்கன்னு. கைய எடுங்க.

அச்சச்சோ. வளையலு ஒடஞ்சுருச்சா? காட்டுங்க. ரத்தம் வருதே. இந்தாங்க, இந்தப் பேப்பர வச்சு அமுக்கிக்கங்க.

நான் லேசாத்தானக்கா புடிச்சேன்.